ஃபர்ஸ்ட் குரூப்பில் எல்லாம் உண்டு

மல்காஜ்கிரி,
22.4.1983

சிரஞ்சீவி உமாசங்கருக்கு,

அக்கா கல்பகம் ஆசீர்வாதம். நாங்கள் மூன்று பேரும் சௌக்கியம். உன் முதுகுவலி தேவலையா, பாமா இந்த வெயிலில் எப்படிச் சமாளிக்கிறாள் என்று விவரமாக எழுது. போன தடவை கார்டில் பாதி காலியாகக் கிடந்தது. உங்கள் மண்டபம் ஊரில் மைக்குப் பஞ்சமா?

பகவதிக்குப் பத்தாவது பரீட்சை முடிந்துவிட்டது. நன்றாக எழுதியிருக்கிறாளாம். வினை இப்போதுதான் ஆரம்பம். போன லீவில் உன் வீட்டுக்கு வந்து பத்து நாள் இருந்தாளே, உன் ஆபீஸில் கண்ணாடித் தொட்டியில் எதையெதையோ காட்டினாயே, அன்றைக்குப் பிடித்த பைத்தியம் இன்னும் இறங்கவில்லை. கடலில் இருக்கிற ஜந்துக்களைப் பற்றித்தான் படிப்பேன் என்று ஒற்றைக் காலில் நிற்கிறாள். இந்த ஊரில் கடலுக்கு எங்கே போவது? ஹுசேன் சாகர் ஏரியைத்தான் காட்ட வேண்டும்.

இங்கே ஜூனியர் காலேஜில் சேரும்போதே எந்த குரூப் என்று சொல்லிவிட வேண்டும். இவள் பைபிசி என்கிறாள். தாவரம், விலங்கு எல்லாம் அதில்தான். இவர் எம்.பி.சி. என்கிறார், அதாவது கணக்கு. ஒரு வாரமாக வீட்டில் இரண்டு பேரும் என் வழியாகத்தான் பேசிக்கொள்கிறார்கள். "அம்மா, அப்பாவுக்கு மோர் வேணுமான்னு கேளு" என்கிறாள். மோர் அவருக்கு எதிரேதான் இருக்கிறது.

நேற்று ஒரு கூத்து. கடல்குதிரையில் ஆண்தான் குட்டிகளை வயிற்றுப் பையில் சுமந்து பெற்றெடுக்குமாம். "அப்பா, நீங்க அதுவா பொறந்திருந்தா என்னை இவ்ளோ கஷ்டப்படுத்த மாட்டேள்" என்று நேராகவே சொல்லிவிட்டாள். இவர் சிரித்துவிட்டார். சிரித்த கையோடு ஃபாக்டரி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்து போனார். அவள் ஏதாவது கேட்டால் இவருக்குப் பதில் சொல்ல வராது. எழுந்து போகத்தான் வரும்.

நீ அந்தக் கடல் ஆராய்ச்சி ஆபீஸிலேயே இருக்கிறாய். உனக்குத் தெரியாததா? பெரியவர்களை விசாரித்து என்ன எடுக்க வேண்டும் என்று எழுது. நீ எழுதினால் இவர் கேட்பார்.

உன் அக்கா,
கல்பகம்

மாமா, தொட்டியில இருந்த அந்தப் பெரிய கடல் அட்டை இருக்கா, செத்துப் போச்சா? அதுக்குப் பேரு வெச்சேனே, மறக்காதீங்கோ. - பகவதி

மண்டபம்,
3.5.1983

அன்புள்ள அக்காவுக்கு,

உமாசங்கர் நமஸ்காரம். முதுகு இருக்கிற இடத்தில் இருக்கிறது, வலியும் அதோடுதான் இருக்கிறது. பாமா சௌக்கியம். வெயிலுக்குப் பயந்து காலையிலேயே சமையலை முடித்துவிட்டு மத்தியானம் என்னைத் திட்ட நேரம் ஒதுக்கியிருக்கிறாள்.

பகவதி விஷயம் படித்தேன். என் மருமாள் கடல் படிப்புப் படிக்கப் போகிறாள் என்று ஆபீஸ் முழுக்கச் சொல்லியாகிவிட்டது. நான் இங்கே ஹெட் கிளார்க் என்றாலும் ஒன்பது வருஷமாக இவர்கள் எழுதும் ரிப்போர்ட்டெல்லாம் என் கை வழியாகத்தான் டைப் ஆகிறது. கால் விஞ்ஞானியாவது நான் ஆகியிருப்பேன். பெரிய விஞ்ஞானி தேவசகாயம் சாரைக் கேட்டேன். "விலங்கியல் இல்லாம கடல் உயிரியலுக்கு வர முடியாதுய்யா. ப்ளஸ் டூவில உயிரியல் இருக்கணும். அப்புறம் பி.எஸ்ஸி., எம்.எஸ்ஸி. ஆனா கணக்கும் தெரிஞ்சிருந்தா ரொம்ப நல்லது" என்றார்.

அத்திம்பேர் கணக்கு என்கிறார், பகவதி உயிரியல் என்கிறாள். இதில் சண்டைக்கு என்ன இருக்கிறது? எங்கள் பியூன் பெருமாளின் பெண் ராமநாதபுரத்தில் ப்ளஸ் டூ படிக்கிறாள். ஃபர்ஸ்ட் குரூப். கணக்கு, பிஸிக்ஸ், கெமிஸ்ட்ரி, உயிரியல் நாலும் அதிலேயே உண்டு. ஆகவே பகவதியை ஃபர்ஸ்ட் குரூப்பில் சேருங்கள். அத்திம்பேருக்குக் கணக்கும் ஆச்சு, குழந்தைக்குக் கடலும் ஆச்சு. ஒரே கல்லில் இரண்டு மாங்காய். இந்தக் கடிதத்தை அத்திம்பேரிடம் அப்படியே காட்டு. ஃபர்ஸ்ட் குரூப்பில் எல்லாம் உண்டு என்று நான் அடித்துச் சொன்னதாகச் சொல்.

பகவதிக்கு: உன் கடல் அட்டை சௌக்கியம். உன்னை மாதிரியே அசையாமல் கிடந்து தின்கிறது.

உன் தம்பி,
உமாசங்கர்

மல்காஜ்கிரி,
16.5.1983

சிரஞ்சீவி உமாசங்கருக்கு,

அனந்தராமன் ஆசீர்வாதம். க்ஷேமம். உன் கடிதம் கிடைத்தது. மிகவும் தெளிவாக எழுதியிருக்கிறாய். வீட்டில் இருந்த குழப்பம் தீர்ந்தது. நீ சொன்னபடியே ஃபர்ஸ்ட் குரூப்பில் சேர்ப்பதாக முடிவு செய்திருக்கிறேன். கடிதத்தைப் பத்திரமாக வைத்திருக்கிறேன். பாமாவுக்கு ஆசீர்வாதம்.

அனந்தராமன்

மண்டபம்,
10.6.1983

அன்புள்ள அக்காவுக்கு,

நமஸ்காரம். அத்திம்பேரின் கார்டு வந்தது. கல்யாணமாகிப் பதினெட்டு வருஷத்தில் அவர் எனக்கு எழுதிய முதல் கார்டு. பாமா அதை சுவாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறாள்.

உன்னிடமிருந்துதான் ஒன்றும் காணோம். ரிசல்ட் வந்திருக்குமே? எத்தனை மார்க்? காலேஜில் இடம் கிடைத்ததா? உடம்புக்கு ஒன்றுமில்லையே? மருமாளிடமிருந்தும் ஒரு வரி இல்லை. பெரிய படிப்பு படிக்கிறவர்கள் ஹெட் கிளார்க்குக்கு எழுத மாட்டார்களோ என்னவோ. தேவசகாயம் சார் நேற்றுக்கூடக் கேட்டார். அந்த ஹைதராபாத் பெண் படித்து முடித்ததும் நேரே இங்கே வரட்டும், தொட்டி தயாராக இருக்கும் என்றார்.

உடனே எழுது.

உமாசங்கர்

மல்காஜ்கிரி,
2.7.1983

சிரஞ்சீவி உமாசங்கருக்கு,

ஆசீர்வாதம். உன் கடிதம் வந்து நாளாகிவிட்டது. பதில் போடவில்லை என்று கோபித்துக்கொள்ளாதே. இங்கே எல்லோரும் தேக ஆரோக்கியமாகத்தான் இருக்கிறோம்.

இந்த வருஷம் மழை தாமதம். குழாயில் ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான் தண்ணீர். அதையும் கீழ் வீட்டு ஜலஜா மாமியோடு பங்கு போட வேண்டும். ஆவக்காய் போட்டேன், எண்ணெய் போதவில்லை, மேலே பூத்துவிட்டது. இவருக்கு மூக்குக் கண்ணாடி மாற்றினோம். நாச்சாரம் பக்கத்திலிருந்து காற்று அடித்தால் ஏதோ மருந்து நெடி வருகிறது, ஜன்னலைத் திறக்க முடியவில்லை.

பகவதி ஸ்கூலில் இரண்டாவதாக வந்திருக்கிறாள். காலேஜில் சேர்த்தாகிவிட்டது. இவரே லீவு போட்டுவிட்டு அழைத்துக்கொண்டு போனார். புதுப் பை வாங்கிக் கொடுத்தார். அவள் உனக்கு எழுதவில்லையே என்று நினைக்காதே. காலேஜ் புதிது, பாடம் அதிகம்.

பாமாவுக்கு மணத்தக்காளி வற்றல் அனுப்ப வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருக்கிறேன். வேறு விசேஷம் ஒன்றுமில்லை.

கல்பகம்

மண்டபம்,
9.7.1983

சிரஞ்சீவி பகவதிக்கு,

மாமா ஆசீர்வாதம். உன் அம்மா கடிதம் எழுதினாள். ஆவக்காய் பூத்த கதையெல்லாம் வந்தது, உன் கதை ரெண்டு வரிதான் இருந்தது. உடம்பு சௌக்கியமா? எழுதினால் விரல் தேய்ந்து போகுமா?

என்ன பாடம் நடக்கிறது? தவளையை அறுத்தாயா? அறுக்கும்போது மயக்கம் போட்டு விழுந்திருந்தால் அதை முதலில் எழுது. உயிரியல் வாத்தியார் எப்படி? இங்கே பெருமாளின் பெண் கரப்பான்பூச்சியை டப்பாவில் பிடித்துக்கொண்டு பஸ் ஏறுகிறாள், கண்டக்டர் அலறுகிறார். உன் ஊர் பஸ்ஸிலும் அப்படித்தானா?

மாமியும் கேட்டாள். பதில் போடு.

உன் மாமா,
உமாசங்கர்

மல்காஜ்கிரி,
17.7.1983

மாமாவுக்கும் மாமிக்கும் பகவதி நமஸ்காரம். நான் நன்னா இருக்கேன். நீங்க ரெண்டு பேரும் எப்படி இருக்கேள்? எனக்குப் புஸ்தகத் தமிழ் வராது. ஸ்கூல்ல எல்லாம் தெலுங்குதானே. பேசற மாதிரியே எழுதறேன், சிரிக்காதீங்கோ.

தவளை இல்லை மாமா. எனக்கு ஸுவாலஜியே இல்லை. எம்.பி.சி.ல மேத்ஸ், பிஸிக்ஸ், கெமிஸ்ட்ரி மூணுதான். இங்க எல்லா காலேஜ்லயும் அப்படித்தான். கணக்கும் பயாலஜியும் சேர்ந்த குரூப் ஆந்திரால கிடையாது. உங்க பக்கத்துல இருக்கு போல இருக்கு. இங்க ஃபர்ஸ்ட் குரூப்னு யாரும் சொல்ல மாட்டா. அப்பா மட்டும் திருச்சில படிச்ச ஞாபகத்துல எம்.பி.சி.யை அப்படிச் சொல்வார்.

உங்க லெட்டர் வந்த அன்னிக்கே நான் சொன்னேன். "அப்பா, இங்க அப்படி இல்லப்பா, ரெண்டும் வேற வேற"ன்னு. அப்பா உங்க லெட்டரை எடுத்துக் காமிச்சு, "மாமா கடல் ஆபீஸ்லயே இருக்கார். பெரிய சயின்டிஸ்டைக் கேட்டு எழுதியிருக்கார். உனக்கு அவரைவிட ஜாஸ்தி தெரியுமா?"ன்னார். அம்மா அரிசி களைய எழுந்து போயிட்டா. காலேஜ்ல ஃபாரம் வாங்கற இடத்துல மறுபடி சொன்னேன். "சேர்ந்தப்புறம் பயாலஜி தருவா, மாமா தப்பாவா எழுதுவார்?"னு சொல்லிட்டுக் கையெழுத்துப் போட்டார். நான் அங்கயே அழுதேன். பக்கத்துல நின்ன பொண்ணு, "காய்கு ரோதி?"ன்னு, ஏன் அழறேன்னு உருதுல கேட்டுது.

உங்க மேல எனக்குக் கொஞ்ச நாள் ரொம்பக் கோவம். அதான் எழுதலை. இப்ப இல்லை. உங்களுக்குத் தெரியாது, அவ்வளவுதானே.

இப்ப ஒரு வழி இருக்கு மாமா. குரூப் மாத்தறதுக்கு இந்த மாசம் முப்பதாம் தேதி வரைக்கும் டைம். பைபிசில இடம் இருக்குன்னு பிரின்சிபால் மேடமே சொன்னா. அப்பா வந்து கையெழுத்துப் போட்டாப் போறும். நான் சொன்னா கேக்க மாட்டார். நீங்க அப்பாவுக்கு எழுதுங்கோ, நான் தப்பா எழுதிட்டேன், அங்க வேற மாதிரின்னு. நீங்க சொன்னாக் கேப்பார். ப்ளீஸ் மாமா. முப்பதுக்குள்ள.

பகவதி

மண்டபம்,
22.7.1983

மதிப்பிற்குரிய அத்திம்பேருக்கு,

உமாசங்கர் நமஸ்காரம். தங்கள் தேக சௌக்கியத்தையும் அக்காவின் சௌக்கியத்தையும் கோருகிறேன். இன்று காலை தங்களுக்கு ஒரு தந்தி கொடுத்திருக்கிறேன். இந்தக் கடிதத்துக்கு முன்னால் அது வந்திருக்கும். யாருக்கும் ஒன்றும் இல்லை, பயப்பட வேண்டாம். நாள் குறைவாக இருப்பதால் கொடுத்தேன்.

அத்திம்பேர், நான் பெரிய தப்பு செய்துவிட்டேன். தமிழ்நாட்டில் இருப்பதை ஊர் உலகமெல்லாம் இருப்பதாக நினைத்து எழுதிவிட்டேன். அங்கே கணக்கும் உயிரியலும் ஒரே குரூப்பில் கிடையாது என்று இன்றுதான் தெரிந்தது. பியூன் பெண் படிக்கிறதைப் பார்த்துவிட்டு அடித்துச் சொன்னேனே, அதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. இந்தப் படிப்பில் குழந்தை எத்தனை மார்க் வாங்கினாலும் கடல் பக்கம் வர முடியாது. தேவசகாயம் சாரை மறுபடி கேட்டேன். "உயிரியல் இல்லன்னா கதவு அப்பவே சாத்தியாச்சு. பின்னால திறக்காது" என்றார்.

முப்பதாம் தேதி வரை மாற்றலாமாம். தாங்கள் ஒரு நாள் லீவு போட்டுக் கையெழுத்துப் போட்டால் போதும். என் பேச்சைக் கேட்டுச் சேர்த்தீர்கள். என் பேச்சைக் கேட்டே மாற்றிவிடுங்கள். தங்கள் காலில் விழுந்து கேட்கிறேன்.

தங்கள்,
உமாசங்கர்

மல்காஜ்கிரி,
3.8.1983

சிரஞ்சீவி உமாசங்கருக்கு,

அனந்தராமன் ஆசீர்வாதம். இங்கே அனைவரும் க்ஷேமம். உங்கள் க்ஷேமத்துக்கு ஈசுவரன் அருள் புரியட்டும்.

உன் தந்தி மறுநாளே வந்துவிட்டது. உன் அக்காதான் வாங்கி வைத்திருந்தாள். சாயங்காலம் நான் வந்ததும் கொடுத்தாள். பகவதி கீழ் வீட்டில் டி.வி. பார்க்கப் போயிருந்தாள். கடிதம் இருபத்தேழாம் தேதி வந்தது. இரண்டையும் படித்தேன்.

நீ தப்பு செய்ததாக வருத்தப்படாதே. இருபத்திரண்டு வருஷமாக இந்த ஊரில் இருக்கிறேன். எங்கள் ஃபாக்டரியில் யார் பிள்ளை எந்த குரூப் என்பதுதான் ஜூன் மாசம் முழுவதும் பேச்சு. எம்.பி.சி.யில் உயிரியல் கிடையாது என்று எனக்குத் தெரியும். உன் கடிதம் வந்த அன்றைக்கும் தெரியும். உன் அக்காவுக்கும் தெரியும். அவளை ஒன்றும் கேட்காதே.

எங்கள் ஃபாக்டரியில் எலக்ட்ரானிக்ஸ் பிரிவில் பெண்களை எடுக்கிறார்கள். ஊழியர் பிள்ளைகளுக்கு முன்னுரிமை உண்டு. கணக்கு படித்திருக்க வேண்டும். நான் ரிட்டயர் ஆக ஆறு வருஷம்தான் இருக்கிறது. அதற்குள் அவளை உள்ளே நுழைத்துவிட்டால் போதும். கடல் படிப்புக்கு விசாகப்பட்டினம் போய் ஹாஸ்டலில் இருக்க வேண்டும், அப்புறம் படகில் போக வேண்டும், அப்புறம் வேலை எங்கே, யார் கொடுப்பார்கள், எனக்கு யாரைத் தெரியும்? எனக்குத் தெரிந்த ஒரே வாசல் இந்த ஃபாக்டரி கேட்தான்.

இதை அவளிடம் சொல்லியிருக்கலாம். ஏன் சொல்லவில்லை என்று நீ கேட்பாய். அவள் முகத்தைப் பார்த்து மாட்டேன் என்று சொல்ல எனக்கு வராது. அவள் ஏன் என்று கேட்பாள். அவள் கேட்டால் நான் விட்டுக்கொடுத்துவிடுவேன். பிறந்ததிலிருந்து அப்படித்தான். உன் கடிதம் வந்தது. என் வாயால் சொல்ல முடியாததை அது சொல்லிற்று.

முப்பதாம் தேதி காலையில்கூடச் சட்டை போட்டுக்கொண்டு கிளம்பினேன். காலேஜுக்குத்தான் கிளம்பினேன். தெரு முனையில் ஃபாக்டரி பஸ் நின்றது, ஏறிவிட்டேன்.

மாமாவின் கடிதம் ஆகஸ்ட் இரண்டாம் தேதிதான் வந்தது, அதற்குள் நாள் தாண்டிவிட்டது என்று அவளிடம் சொல்லியிருக்கிறேன். அவள் உன்னைக் கேட்பாள். நீ என்ன பதில் எழுதினாலும் சரி. இப்படிச் சொல், அப்படிச் சொல் என்று கேட்க எனக்கு யோக்கியதை இல்லை.

அனந்தராமன்

மல்காஜ்கிரி,
5.8.1983

மாமாவுக்கு பகவதி நமஸ்காரம். மாமிக்கும். இங்க எல்லாரும் நன்னா இருக்கோம்.

டேட் தாண்டிடுத்து மாமா. முப்பதாம் தேதி வரைக்கும் தினம் போஸ்ட்மேனைப் பார்த்துண்டே இருந்தேன். காலேஜ்லேர்ந்து வந்ததும் அம்மாகிட்ட, "லெட்டர் வந்துதா?"ன்னு கேப்பேன். அம்மா, "இல்லடி"ன்னு சொல்லிட்டு உள்ள போயிடுவா.

முந்தாநாள் அப்பா சொன்னார், உங்க லெட்டர் ரெண்டாம் தேதிதான் வந்துதுன்னு. "அதைப் படிச்சதும் கையெழுத்துப் போடத்தான் நினைச்சேம்மா, லேட்டாயிடுத்தே"ன்னார். சொல்லும்போது அவர் முகமே நன்னா இல்லை. நான்தான், "பரவாயில்லப்பா, விடுங்கோ"ன்னு சொன்னேன். பாவம். அப்பா மாத்தறதுக்கு ரெடியா இருந்தார், அதுவே எனக்குப் போறும்னு நினைச்சுக்கறேன். அன்னிலேர்ந்து நாங்க ரெண்டு பேரும் நேரா பேசிக்கறோம்.

ஒண்ணே ஒண்ணு கேக்கணும். நான் பதினேழாம் தேதியே போஸ்ட் பண்ணிட்டேன். உங்களுக்கு எப்பக் கிடைச்சுது? நீங்க எப்ப எழுதினேள்? நடுவுல எங்கயாவது தபால் நின்னுடுத்தா? கோவம் ஒண்ணும் இல்லை. தெரிஞ்சுண்டா மனசு ஆறும், அதுக்குத்தான்.

பகவதி

மண்டபம்,
16.8.1983

சிரஞ்சீவி பகவதிக்கு,

மாமாவும் மாமியும் ஆசீர்வாதம். நாங்கள் சௌக்கியம். நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா? உன் கடிதம் வந்து ஒரு வாரமாகிறது. பதில் எழுத நாலு தடவை உட்கார்ந்தேன்.

தபாலின் மேல் தப்பு இல்லை அம்மா. உன் கடிதம் எனக்கு இருபத்திரண்டாம் தேதியே கிடைத்துவிட்டது. அன்றைக்கே எழுதியிருக்க வேண்டும். ஆபீஸில் ஆடிட் நடந்துகொண்டிருந்தது. நாளைக்கு எழுதலாம், நாளைக்கு எழுதலாம் என்று பையிலேயே வைத்திருந்துவிட்டேன். இருபத்தொன்பதாம் தேதி எழுதிப் போட்டேன். அது எப்படிப் போய்ச் சேரும்? முதலில் தெரியாததைத் தெரிந்த மாதிரி எழுதினேன். பிறகு தெரிந்ததை நேரத்துக்கு எழுதவில்லை. இரண்டும் நான் செய்ததுதான். உன் அம்மா அப்பா மேல் ஒரு குற்றமும் இல்லை.

அப்பா கையெழுத்துப் போட்டிருப்பார். எனக்கு அதில் சந்தேகமே கிடையாது. அவரோடு பழையபடி பேசு. கணக்கைக் கவனமாகப் படி.

தந்தியாவது கொடுத்திருக்கலாமே என்று நீ நினைப்பாய். கொடுத்திருக்கலாம். எனக்குத் தோன்றவில்லை அம்மா.

உன் மாமா,
உமாசங்கர்